முதல் ஓடருக்குப் பிறகு கொமிஷன் வருதில்லை

உப்புவெளிப் பொடியன்:
நானும் கூட்டாளியும் திருகோணமலையில ஒரு செயலி செய்தோம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில இறங்குற மீனைத் தோணிக்காரர் படம் எடுத்துப் போடுவார், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள் ஓடர் குடுக்கும். எங்களுக்கு 8 வீதம் கொமிஷன். முதல் ஓடர் எங்களுக்கூடாக வரும், அடுத்தது நேரா போன்லயே முடிஞ்சிடும். போன வெள்ளி ஒரு ஹோட்டல் குசினிக்குப் போனா, எங்கட தோணிக்காரரே 12 கிலோ பாரையை இறக்கிக்கொண்டு நிக்கிறார். என்னைக் கண்டதும் தலையைக் குனிஞ்சிட்டார். அவரில எனக்குக் கோபமில்லை. மாதச் சந்தா வைக்கலாமா?

மூதூரான்:
சந்தா வேண்டாம். இலவசமாக் கிடைக்கிறதுக்கு யார் மாதம் மாதம் கட்டுவாங்க?

பழைய கணக்கர்:
தம்பி, பயணிகளுக்கு வீடு, அறை பிடிச்சுக் குடுக்கிற ஏயார்பிஎன்பி கட்டணம் எடுக்குதெண்டா, அங்க பயணி ஒருக்கா தங்கிப் போறவர், காசும் அவங்கட கையாலதான் போகுது. உங்கட ஹோட்டலுக்கு நாளைக்கும் அதே தோணிதான். அறிமுகத்துக்கு ஒருதரம்தான் விலை.
1999இல் ஸாப்போஸ் எண்ட இணையச் சப்பாத்துக் கடையைத் தொடங்கினவர் சப்பாத்து வாங்கி அடுக்கேல்ல. கடையில படம் எடுத்து இணையத்தில போட்டார், ஓடர் வந்தாப் பிறகு அதே கடையில வாங்கி அனுப்பினார். ஆட்கள் காலில போட்டுப் பாக்காம வாங்குவாங்களா எண்டு அறியத்தான் அந்தப் பாடு. நீங்களும் செயலியை ஒரு மாதம் மூடிவச்சிட்டுக் கையால செய்து பாருங்க. ஹோட்டல் மாதக் கடைசியிலதான் செக் எழுதும். தோணிக்காரருக்குப் பின்னேரமே மண்ணெண்ணெய்க்குக் காசு வேணும். மீன் வாங்குற முதலாளியிட்ட முற்பணம் வாங்குறதும், பிறகு அவருக்கே மீன் குடுக்கிறதும் அதாலதான்.

குசினி அக்கா:
நான் நிலாவெளியில ஒரு ஹோட்டலுக்குச் சாமான் வாங்குறவள். எனக்குப் படம் தேவையில்லை. காலை 7 மணிக்கு, செதில் எடுத்து, ஐஸில, நிறுவை பிசகாம, ஒரே பில்லில வந்தா கிலோவுக்கு 100 ரூபா கூடத் தருவம். மாரியில வெள்ளைக்காரரும் குறைவு, கடலும் விடாது. அந்த மாதங்களுக்கும் இப்பவே கணக்குப் பாருங்க தம்பி.

உப்புவெளிப் பொடியன்:
அக்கா, ஏழு மாதமா இதை ஒருத்தரிட்டயும் நான் கேக்கேல்ல. திங்கள் தொடக்கம் மூன்று ஹோட்டலுக்கு மட்டும், ரெஜிபோம் பெட்டியில, நாங்களே காசு குடுத்து வாங்கிக் கொண்டுவாறம். கையில 60,000 ரூபாதான் இருக்கு. மாதக் கடைசி வரைக்கும் தாங்காது. கிழமைக்கு ஒருக்கா காசு தருவீங்களா?

குசினி அக்கா:
மனேஜரிட்டக் கேட்டிட்டு நாளைக்குச் சொல்றன். பில் புத்தகத்தோட வாங்க.