தேரி மணலுக்குப் பழைய தார் ஜீப்: பெரிய டயரும் லிஃப்ட்டும் போடலாமா?

குட்டம் தேரிக்காட்டான்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என்கிட்ட 2014 மாடல் மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. (டீசல் ஜீப்) இருக்கு, ஃபோர் வீல் டிரைவ். டயர் கம்பெனி கொடுத்த அதே 235/70 ஆர் 16 சைஸ்தான், தேஞ்சு போச்சு, மாத்தியே ஆகணும். குட்டம் பக்கம் தேரியில, அதான் செம்மணல் மேட்டுக்காட்டுல, எங்களுக்குப் பனையும் முந்திரியும் உண்டு. தண்ணி கேன், வேலிக்கல், சில நாள் கருப்பட்டிப் பெட்டி எல்லாம் இதுலதான் போகுது. மழை பெஞ்ச பிறகு தேரி இறுகிக் கெடக்கும், பிரச்சினை இல்லை. ஆடிக்காத்து அடிக்க ஆரம்பிச்சா பாதை மேல மணல் ஏறி, நேத்து போன தடம் இன்னைக்கு இருக்காது. வண்டி வயிறு வரை உக்காந்திடுது.

ஒரு ஒர்க்‌ஷாப்ல கேட்டா 33 இஞ்ச் மட் டயரும் (சேத்துக்கான பெரிய கட்டை வச்ச டயர்) மூணு இஞ்ச் லிஃப்ட்டும் (வண்டியை உயர்த்துற வேலை) போடச் சொல்லுதாவ. வாரத்துல பாதி நாள் நாங்குநேரி, வள்ளியூர்னு தார் ரோட்டுலயும் ஓடணும். அம்மாவுக்கு முட்டுவலி, அவங்களையும் ஏத்தணும். என்ன செய்யலாம்?

அம்பை ஜீப்:

நான் எம்.எம்.540-ன்னு பழைய மஹிந்திரா ஜீப் வச்சிருக்கேன். நாலு பக்கமும் ஸ்பிரிங் பட்டை. மலையடிவாரத் தோட்டத்துக்குப் போற பாதை முழுக்க உருட்டுக்கல், நடுவுல ஓடை. எனக்கு மட் டயர் இல்லாம ஓடாது. ஈரக் களிமண்ணுல அந்தக் கட்டைகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளிதான் மண்ணை வெளிய தள்ளும். ரெண்டு இஞ்ச் லிஃப்ட்டும் உண்டு, கல்லுல வயிறு இடிக்கிறது நின்னுச்சு. நீங்களும் தைரியமாப் போடுங்கன்னுதான் சொல்வேன். ஆனா மணல்ல நான் ஓட்டுனதில்லை.

பணகுடி பட்டறை:

அம்பை அண்ணாச்சி சொன்னது அவரு பாதைக்கு முழுக்கச் சரி. தேரிக்கு அப்படியே எடுத்துட்டுப் போகக் கூடாது. காத்தாலை வேலைக்கு ஓடுற ஜீப்புகளை நான் பாக்குதேன், அதுல பாதி இந்தத் தேரிக்குள்ளதான் கெடக்கும். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன்.

முதல்ல மணல். மணல்ல வண்டியைத் தாங்குறது டயரோட தரை தொடுற பரப்பு. பொதிமணல்ல நடக்குறவன் பாதத்தை விரிச்சு வைக்கிற மாதிரி டயரும் விரியணும். மட் டயரோட ஆழமான கட்டை அதுக்கு நேர் எதிரா வேலை செய்யும். சக்கரம் ஒரு சுத்து வெறுமனே சுத்துச்சுன்னா மணலை அள்ளி அள்ளிப் பின்னால எறிஞ்சு தனக்கே குழி வெட்டிக்கிடும். உங்களுக்கு வேண்டியது ஆல் டெரைன் டயர், ரோடு, மண் ரெண்டுக்கும் பொதுவானது. ரோட்டுலயும் இரையாது, பிரேக்கும் பிடிக்கும்.

அதைவிடப் பெரிய மருந்து ஒண்ணு இருக்கு, அதுக்குக் காசே வேண்டாம். தேரி விளிம்புல வண்டியை நிறுத்தி, காத்தை 18 பவுண்டுக்கு இறக்குங்க. டயர் நீளவாக்குல படுத்துக் கொடுக்கும். அதுக்கும் மாட்டிக்கிட்டா 15. அதுக்குக் கீழ போகாதீங்க, வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வரும். லோ கியர் போட்டு ரெண்டாவதுல மெதுவா எடுங்க, நிறுத்தணும்னா பிரேக்கை அமுக்காம ஆக்சிலேட்டரை விட்டாலே மணலே நிறுத்திடும், முடிஞ்ச வரை இறக்கத்தைப் பாத்து நிறுத்துங்க. தார் ரோடு ஏறுமுன்ன காத்தை நிரப்பியே ஆகணும். குறைஞ்ச காத்தோட வேகமா ஓடினா டயரோட பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். இதுல மட்டும் சோம்பல் படவே கூடாது தம்பி, வண்டிக்குள்ள ஆள் இருக்கு.

அடுத்து சைஸ். உங்க டயரோட மொத்த உயரம் ஏறக்குறைய 735 மி.மீ. 245/75 ஆர் 16 போட்டா 774. கூடுற 39-ல பாதிதான் தரைக்கும் ஹௌசிங்குக்கும் (ஆக்சில் நடுவுல இருக்குற கியர் உருண்டை) நடுவுல கிடைக்கும், அதாவது 19 மி.மீ. சொற்ப உயரம்தான். ஆனா ரிம் மாத்த வேண்டாம், சைஸ் எளிதாக் கிடைக்கும், 2020-ல வந்த புதுத் தார்ல ஒரு மாடலுக்கு இதே சைஸ்தான். மாட்டுன பிறகு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு எங்கயாவது உரசுதான்னு பாருங்க. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல போகும், அதை மனசுல வையுங்க.

33 இஞ்ச்சுன்னா 838 மி.மீ. சக்கரம் 14 சதவீதம் பெருசு. எல்லாக் கியரும் அந்த அளவு நீண்டு போகும். இழுவை குறையும், கிளட்ச் நெரியும். மணல்ல இழுவைதானே நமக்கு உயிர்? அதோட அந்த டயரோட எடை முழுக்க ஹப் பேரிங், பால் ஜாயின்ட், பிரேக் தலையில. பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேத்துச் சுத்த வைக்கிற லாக்கரும் உங்க மாடல்ல கிடையாது, அது 2015-லதான் வந்தது. ஒரு சக்கரம் சுத்த ஆரம்பிச்சா சக்தி எல்லாம் அதுக்கே போயிடும். அப்ப எவ்வளவு பெரிய டயர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இப்ப லிஃப்ட். எம்.எம்.540-ல முன்னாடியும் முழு ஆக்சில், பட்டையை மாத்துனா ஏறும். உங்க தார்ல முன்னாடி டார்ஷன் பார், அதாவது பட்டைக்குப் பதிலா முறுகித் தாங்குற கம்பி. பல இடத்துல லிஃப்ட்டுன்னு சொல்லி அந்தப் பார் போல்ட்டை முறுக்கி விடுவாங்க. மூக்கு தூக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா சக்கரம் கீழ இறங்குறதுக்கு இருந்த இடம் போயிடும். பள்ளத்துல முன் சக்கரம் தொங்கி நிக்கும், முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போற சி.வி. ஜாயின்ட் எந்நேரமும் கோணலா சுத்தும், அதோட ரப்பர் பூட் கிழியும். கிழிஞ்சா உள்ள போறது தேரி மணல். அந்த நுண்ணிய சிவப்பு மணலும் கிரீஸும் சேந்தா ஜாயின்ட்டை அரைச்சே தின்னுடும். அலைன்மென்ட்டும் போய்ப் புது டயர் ஒரு ஓரமாத் தேயும்.

பின்னாடி என்ன ஏத்துனாலும் ஹௌசிங் இருந்த இடத்துலதான் இருக்கும், அது சக்கர நடுவுல மாட்டியிருக்குல்லா. லிஃப்ட் தூக்குறது பாடியையும் சேஸியையும் மட்டும். உங்களுக்கு மணல் இடிக்கிறது ஹௌசிங்லயா, நடு வயித்துலயா? வண்டி புதைஞ்ச இடத்துல குனிஞ்சு பாருங்க. பெரும்பாலும் சக்கரம் தோண்டின பிறகுதான் வயிறு உக்காரும். தோண்டாம இருந்தா உக்காராது.

லோடு ஏத்தி ஏத்திப் பின் பட்டை தட்டையாப் போயிருந்தா அதைப் புதுசாக்குங்க. புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் சேத்து. வண்டி தன்னோட பழைய உயரத்துக்கு வந்தாலே பாதி வித்தியாசம் தெரியும். அதுக்கு மேல உயர்த்தாதீங்க. மேல வேலிக்கல்லோட சரிவுல குறுக்கப் போற வண்டி அது, உயரம் கூடக் கூடக் கவிழ்ற ஆபத்தும் கூடும். அம்மா ஏர்றதுக்கு ஒரு படி வச்சுக் கொடுங்க.

பாளை கோர்ட்டார்:

ஒரு விஷயம் மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. மூணு இஞ்ச் லிஃப்ட்டும் 33 இஞ்ச் டயரும் யார் கண்ணுலயும் படும். அபராதத்தை விடுங்க, ஒரு விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கேக்குறது அதைத்தான். வேலிக்கல் ஏத்துற வண்டியில கூலியாளும் உக்காந்து வருவாங்கல்லா, அதை யோசிச்சுப் பாருங்க.

குட்டம் தேரிக்காட்டான்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்னைக்குக் காலையில குனிஞ்சு பாத்தேன். பின் பட்டை ரெண்டு பக்கமும் தட்டையாத்தான் கெடக்கு. லிஃப்ட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், 245 ஆல் டெரைன் தேடப் போறேன். ஒரே சந்தேகம்: எங்க காடு முழுக்க உடைமரம். காத்தைக் குறைச்சா முள் ஜாஸ்தியா ஏறாதா?

பணகுடி பட்டறை:

மிதிக்கிற பக்கம் ஏறுற முள்ளைப் பத்திக் கவலைப்படாதீங்க, பஞ்சர் கம்பியும் ரப்பர் திரியும் வச்சிருந்தா நீங்களே அங்கனயே அடைச்சிடலாம். பயப்பட வேண்டியது பக்கச்சுவர். காத்து குறைஞ்சா அது வெளிய பிதுங்கும், வெட்டிப் போட்ட உடைமுள் குவியல்ல உரசுனா கிழியும், அதுக்குத் திரி நிக்காது. அதனால டயர் வாங்கும்போது பக்கச்சுவர் கனமானதாக் கேட்டு வாங்குங்க, பாதையோரம் முள் குவிச்சிருந்தா ஆளை விட்டு அப்புறப்படுத்திட்டுப் போங்க. டியூப் போடச் சொன்னா கேக்காதீங்க. குறைஞ்ச காத்துல டியூப் உள்ளுக்குள்ள நகந்து வாய்ப்பக்கம் பிஞ்சிடும்.

காத்தடிக்கிற கம்ப்ரசர் வாங்கினா பேட்டரியில நேரா கிளிப் மாட்டுறதா வாங்குங்க. சிகரெட் லைட்டர் குழியில சொருகுறது நாலு டயர் நிரப்புறதுக்குள்ள ஃபியூஸ் போயிடும். பட்டை மாத்த வரும்போது வண்டியைக் காலி லோடோட கொண்டு வாங்க, உயரம் அளக்கணும்.