அக்ரிலிக்கில் அடுக்கு மேல் அடுக்கு போட்டால் நிறம் ஏன் சேறாகிறது?

ஈரக்கை:
2க்கு 3 அடி கேன்வாஸில் அப்ஸ்ட்ராக்ட் போடுகிறேன். ஆரஞ்சு காய்வதற்குள் அல்ட்ராமரின் நீலத்தை இழுத்தால் மொத்தமும் சாக்கடை நிறம். காயட்டும் என்று விட்டால் கையில் இருந்த வேகம் போய்விடுகிறது. என்ன வழி?

பழைய தூரிகை:
எதிர் நிறங்களை ஈரத்தில் உரசினால் பழுப்புதான் வரும், அதற்கு மருந்து கிடையாது. ஆரஞ்சு நன்றாகக் காய்ந்தபின் அதே நீலத்தை கிளேஸ் மீடியத்தில் (நிறத்தை அடி தெரியும்படி மெல்லிசாக்கும் திரவம்) கரைத்து மெல்லிசாகப் பூசுங்கள். இருளத்தான் செய்யும், ஆனால் அடியிலிருந்து ஆரஞ்சு கனன்றுகொண்டிருக்கும்.

டியூபில் இருக்கும் குட்டிச் சதுரத்தைப் பார்த்து வாங்குங்கள். வெற்றுச் சதுரம் என்றால் அடிநிறம் தெரியும், முழுக்கக் கறுத்திருந்தால் மூடிவிடும். தேலோ நீலம், குவினாக்ரிடோன் மெஜந்தா முதல் வகை. காட்மியம் சிவப்பும் டைட்டானியம் வெள்ளையும் இரண்டாவது. பாதிப் படங்களைக் கெடுப்பது அந்த வெள்ளைதான்! கிளேஸில் ஒரு துளி விழுந்தாலும் பால் ஊற்றியது மாதிரி வெளிறிவிடும்.

வேகத்தைப் பற்றி: அமெரிக்க அப்ஸ்ட்ராக்ட் ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் கறுப்பு வீச்சுகளைப் பார்த்தால் ஒரே மூச்சில் அடித்தது போலிருக்கும். உண்மையில் பலவற்றுக்கு முதலில் சின்னத் தாளில் ஸ்கெட்ச் போட்டுக்கொண்டவர் அவர். கறுப்பின் ஓரத்தை மேலே வெள்ளை பூசி வெட்டியும் இருக்கிறார். அதனால் அடி அடுக்குகளை நிதானமாகப் போடுங்கள். கடைசி வீச்சைத் தாளில் பழகிவிட்டு, அகலப் பிரஷை எடுத்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள்.

ரோலர்:
நம்ம ஊர் அப்ஸ்ட்ராக்ட் ஓவியர் வி.எஸ். கெய்தொண்டேயையும் பாருங்கள். ரோலரும் பேலட் நைஃபும் வைத்துப் பூசுவார், சுரண்டுவார், மறுபடி பூசுவார். வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவே படங்கள். ஆனால் அது ஆயில். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது சாமி.

ஈரக்கை:
நன்றி சார். சென்னை மழையில் காயவே மாட்டேன் என்கிறதே, ஹேர் டிரையர் பிடிக்கலாமா?

பழைய தூரிகை:
பிடிக்கலாம், எட்ட நின்று, சூடு குறைத்து. கிட்டே போனால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். தடிமனாகப் போட்ட இடத்தில் அதை நம்பவே நம்பாதீர்கள், இரவு முழுக்க ஃபேனுக்கடியில் விடுங்கள். புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.