பழைய எக்செல்லை எப்போது பூட்டுவது?

வணக்கம். பல துறைகள் உள்ள நிறுவனத்தில் கொள்முதல் ஒப்புதலைப் புது மென்பொருளுக்கு மாற்றும் வேலை. பயிற்சி முடிந்தது, லாகின் கொடுத்தாச்சு, எல்லாரும் தலையாட்டியாச்சு. ஆனாலும் சூப்பர்வைசர்கள் எக்செல்லில் பதிந்துவிட்டு, சாயங்காலம் மொத்தமாகப் புதிதில் ஏற்றுகிறார்கள். வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது: வாராந்திர ரிப்போர்ட்டை மேலாளர் இன்னும் எக்செல்லில்தான் கேட்கிறார், அவசர ஆர்டருக்குப் புதிதில் வழியே இல்லை. இந்த இரண்டையும் முதலில் சரிசெய்யப் போகிறோம்.

அதன்பிறகு எக்செல்லை ஒரே தேதியில் பூட்டுவதா, துறை துறையாகவா? துறை துறையாகப் போனால், ஒரே ஆர்டர் பாதி பழையதிலும் பாதி புதிதிலும் நிற்குமே, அதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒத்துப்பார்ப்பது? மாதக் கடைசியில் பூட்டக்கூடாது என்பது மட்டும் முடிவு. கணக்கு முடிக்கும் நெருக்கடியில் எல்லாரும் பழையதற்கே ஓடுவார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.