மூலம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்த ஆக்கள் இதுக்க வாங்கோ

ஓட்டோக்காரன், உப்புவெளி:

இதை எழுத எனக்கு 2 வருசம் எடுத்திருக்கு. ஆரெண்டு கண்டுபிடிச்ச ஆக்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ.

திருகோணமலை டவுணுக்கும் நிலாவெளிக்கும் இடையில நாள் முழுக்க ஓட்டம். ஹயர் கிடைக்கிற நேரம் வெளிக்கு முட்டினாலும் அடக்கிறது, ஒதுங்க இடம் தேடவேணுமே எண்டு தண்ணி குடிக்காம விடுறது. ஜூன் மாச வெயில் வேற. முதல்ல மலம் கல்லு மாதிரி இறுகிச்சு. ஒருநாள் விடிய, போத்தல் ஓடு கிழிச்ச மாதிரி ஒரு நோ. பாத்தா ரத்தம். அதுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் சீற்றில குந்தேலாது. ஒரு பக்கமாச் சரிஞ்சு இருந்துதான் ஓடினன்.

மூலம்தான் எண்டு நானே முடிவெடுத்தன். பார்மசியில ஒரு களிம்பு, பிறகு பரியாரியாரிட்ட சூரணம். சூடு எண்டு கோழிக்கறியையும் விட்டன். இப்பிடி 5 மாசம். மனுசிக்கு மூச்சு விடேல்ல. சாரம் தோய்க்கேக்க அவவே கண்டுட்டா.

சேர்ஜன் இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வைச்சு, முழங்காலை நெஞ்சோட மடக்கச் சொல்லி, மெல்ல விலக்கிப் பாத்தார். ஒரு நிமிசம்கூட இல்ல. "மூலம் இல்ல, இது வெடிப்பு, ஆசனவாய்த் தோல் கிழிஞ்சிருக்கு" எண்டார். வெடிப்பு நோக, உள்ளுக்க இருக்கிற வளையத்தசை இறுகுமாம். இறுகினா அந்த இடத்துக்கு ரத்தம் போறது குறையும். குறைஞ்சா வெடிப்பு ஆறாது. ஆறாட்டித் திரும்ப நோகும். நான் 5 மாசம் பூசின களிம்பு அந்தத் தசைப் பக்கமே போகேல்ல.

நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை இருக்கெல்லோ, அதே மருந்தைத்தான் பூசத் தந்தார், தசையை இளக்க. முதல் கிழமை தலையிடி மண்டையைப் பிளந்தது, அது அந்த மருந்தின்ர குணமாம். மலம் இளக ஒரு பாணி. வெளிக்குப் போய் வந்த உடன பேசினில இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு 10, 15 நிமிசம் குந்தி இருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணத்துக்கே போய் இருப்பமோ எண்டு மனுசியிட்டக் கேட்டன். அங்க வாளியால அள்ளி வாக்கிறதுதான், கிணத்துக்க குந்தினா அடிதான் விழும் எண்டா. 7 கிழமையில ஆறிச்சு.

கிண்ணியாப் பிள்ளை:

நானா, நீங்க ரத்தத்தைக் கண்டீங்க. எங்கட வாப்பா காணவே இல்ல.

58 வயசு. பள்ளிக்கு நடந்து போறவர் பாதி வழியில நிக்கத் தொடங்கினார். முகம் வெளிறிப்போச்சு. ரத்தம் குறைவு எண்டு இரும்புக் குளிசை குடுத்தாங்க. அதைக் குடிச்சா மலம் கறுப்பாத்தான் போகும், அதனால அதில ஆரும் ஒண்டையும் கவனிக்க இல்ல. 4 மாசத்துக்குப் பிறகு வேற ஒரு டொக்டர் கேட்டது இன்னும் காதுக்க நிக்குது: "ஆம்பிளைக்கு, இந்த வயசில, இந்த ரத்தம் எங்க போகுது?"

ஆசனவாயால கமரா விட்டுப் பாத்தா பெருங்குடல்ட வலப்பக்கத்தில கட்டி. அந்தப் பக்கம் குடல் அகலம், மலமும் தண்ணியாத்தான் இருக்கும். அதால அடைப்பும் தெரியாது, கசியிற ரத்தமும் கலந்து மறைஞ்சிடும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து மிச்சத்தைப் பொருத்தினாங்க. ஊரெல்லாம் "பையா வைச்சது?" எண்டுதான் கேட்டுது, வயித்தில ஓட்டை போட்டு மலம் பிடிக்க வைக்கிற பை. பை வைக்க இல்ல. அந்தக் கேள்விக்கு உம்மா அழுத அழுகை!

பிறகு பிள்ளைகளும் 40 வயசில கமரா பாக்கவேணும் எண்டாங்க. ராத்தாக்கு 43. வெக்கத்தில ஒரு வருசம் இழுத்து, போன மாசம்தான் போனா. சின்னப் பொலிப் ஒண்டு, குடலுக்க முளைக்கிற சதை, இருந்துது, அந்த இடத்திலயே கழட்டி எடுத்தாச்சு. வாப்பா இப்ப பள்ளிக்கு நடந்துதான் போறார்.

உவர்மலை ரீச்சர்:

எனக்கு உண்மையாவே மூலம்தான். ரெண்டாவது பிள்ளை வயித்தில இருக்கேக்க தொடங்கினது. மாமி இடுப்பில கறுப்பு நூல் கட்டிவிட்டா, நூல் அறுந்துது, மூலம் நிண்டுது. கடைசியில மூலத்தின்ர அடியில ரப்பர் வளையம் போட்டாங்கள், ஒரு கிழமைக்குள்ள தானா விழுந்திட்டு. பொம்பிளை டொக்டர் வேணும் எண்டு நான் காத்திருந்த காலம்தான் இதில பெரிசு.

ஓய்வுபெற்ற நேர்ஸ், பாலையூற்று:

பிள்ளையள், வாட்டில ரத்தம் எண்டு வாற எல்லாரும் மூலம் எண்டுதான் வாயைத் திறப்பினம். உள்மூலத்தில அனேகமா நோ இருக்காது, வெளிக்குப் போய் முடியேக்க சிவப்பாச் சொட்டும். கிழிக்கிற நோவோட வந்தா வெடிப்போ எண்டு பாக்கவேணும். வெளிமூலத்தில ரத்தம் உறைஞ்சா நாவல்பழம் மாதிரி வீங்கும், அதுவும் உயிர் போற நோதான். ரத்தம் மலத்தோட கலந்து வந்தா, வழக்கமாப் போற முறை மாறிக் கிழமைக்கணக்கா நிண்டா, உடம்பு இளைச்சா, பரியாரி வீட்டுப் படலையைத் திறக்காதேங்கோ. ஏற்கனவே மூலம் இருக்கிற ஆளுக்கும் கட்டி வரலாம்.

கமராவுக்குப் போறவைக்கு ஒண்டு. பயப்பிடவேண்டியது முதல் நாள் குடிக்கிற அந்தப் பவுடர்த் தண்ணிக்குத்தான். லீற்றர்க் கணக்கு, உப்பும் இனிப்புமா ஒரு கோதாரி. குளிரவைச்சுக் குடியுங்கோ, கக்கூசுக்குக் கிட்ட இருங்கோ. இரும்புக் குளிசை குடிக்கிற ஆக்கள் அதை எப்ப நிப்பாட்டுறது எண்டு முன்னமே கிளினிக்கில கேளுங்கோ. குடல் துப்பரவா இல்லாட்டித் திருப்பி அனுப்புவினம், திரும்பவும் அதே தண்ணி.

ஓட்டோக்காரன், உப்புவெளி:

அன்ரி, நன்றி. ரீச்சர், என்ர இடுப்பிலயும் நூல் இருந்தது, வெக்கத்தில எழுதாம விட்டனான்.

பேசின் எங்க வாங்கினது எண்டு உள்பெட்டியில 3 பேர் கேட்டிருக்கிறியள். அது எங்கட வீட்டு மீன் கழுவிற பேசின். இப்ப மனுசி அதில மீன் கழுவமாட்டன் எண்டு நிக்கிறா.