10 பக்கக் குறும்படம், ரெண்டு நாள் ஷூட்: முடியுமா?

விஸ்காம்_மூணாம்வருஷம்: ஒரே வீடு, ரெண்டு நடிகர்கள். உதவி இயக்குநர் வாய்ப்பு கேட்டுப் போறப்போ காட்டத்தான் இந்தப் படம். நேரம் போதுமா? டெஸ்ட் ஷாட்ல டியூப்லைட் வேற மினுக்குது.

ஷாட்பிரிப்பு: ஸ்கிரிப்ட்ல பக்கத்துக்கு ஒரு நிமிஷம்னு வச்சா 10 நிமிஷப் படம். முடியும். ஆனா நாளுக்கு 20 ஷாட்டைத் தாண்டினா சாயங்காலம் க்ளோசப்தான் அடிபடும். ஜன்னல் பக்கம் பார்க்கிற ஷாட் எல்லாத்தையும் முடிச்சிட்டு அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்புங்க. கதை வரிசைப்படி எடுத்தா லைட்டை மாத்தி மாத்தியே பாதி நாள் போயிடும். கன்டினியூட்டிக்கு (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாம பாத்துக்க) தனி ஆள் போடுங்க. டம்ளர் எந்தக் கையில, காபி எவ்வளவு மீதி, எல்லாம் போன்ல படம் எடுக்கணும்.

கேமராபெட்டி: நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட டியூப் நொடிக்கு 100 தடவை மினுக்கும். அதுக்கு ஒத்துப்போக கேமராவுல நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி வைங்க. 24 பிரேம்தான் வேணும்னா ஷட்டர் ஆங்கிள் 172.8 டிகிரி, அதுவும் அதே 1/50 நொடிதான். மலிவு எல்இடி சிலது இதுக்கும் அடங்காது, கழட்டிடுங்க.

பூம்மைக்: சவுண்டை யாருமே கேக்கல பாருங்க! ஃபேன், ஃப்ரிட்ஜ் நிறுத்துங்க. வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிட்டா திரும்பப் போட மறக்காது. ஒவ்வொரு ரூம்லயும் எல்லாரும் அசையாம நிக்க, ஒரு நிமிஷம் ரூம் டோன் (யாரும் பேசாதப்போ அந்த ரூம்ல இருக்கிற சத்தம்) பதிவு பண்ணுங்க. இல்லன்னா வசனத்துக்கு நடுவுல ஒவ்வொரு வெட்டும் காதுல விழும்.