வார்டு கமிட்டிக்குக் கடைக்காரங்க வர்றதில்லையாம்: சனிக்கிழமை வெச்சா எப்படி வருவாங்க?

அல்சூர் பஜார்:
"வார்டு கமிட்டியில வியாபாரிகளுக்கு அக்கறையே இல்லை, கூப்பிட்டாலும் வர மாட்டாங்க"ன்னு நேத்து இங்க ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. படிச்சதிலேர்ந்து வயிறு எரியுது. நம்ம பெங்களூர்ல வார்டுப் பிரச்சினையைப் பேசித் தீர்மானம் போடுற இந்தக் கமிட்டிக் கூட்டத்தை 2018 டிசம்பர்ல ஆரம்பிச்சப்போ எந்த நாள் குறிச்சாங்க? மாசத்தோட முதல் சனிக்கிழமை! எந்த மளிகைக்கடைக்காரன் சனிக்கிழமை ஷட்டரை இறக்கிட்டு வருவான்?

ஜீவன்பீமாநகர்வாசி:
எழுதினது நான்தான். வார நாள்னா ஆபீஸ், ஞாயிறுன்னா சர்ச், கல்யாணம். சனிக்கிழமைதான் எல்லாருக்கும் தோதுப்படும். காலை 11 மணிக்கு ஒன்றரை மணி நேரக் கூட்டம். கல்லாவுல ஒரு பையனை உக்கார வெச்சுட்டு வரக் கூடாதா?

அல்சூர் பஜார்:
எல்லாருக்கும்னா யாருக்கும்மா? ஐடி கம்பெனிக்கு லீவு. கட்டட வேலைக்காரங்களுக்கு அன்னைக்குத்தான் பட்டுவாடா. வாரம் பூரா நோட்டுல எழுதி வாங்கின அரிசி, எண்ணெய்க்குக் காசு வர்ற ஒரே நாள் சனிக்கிழமை.

மர்ஃபி டவுன்:
அண்ணே, பட்டுவாடா சாயங்காலம். கூட்டம் காலைல. கணக்கு இடிக்குதே?

அல்சூர் பஜார்:
சாயங்காலம் விக்கிற சரக்கு காலைலயே இறங்கணும் தம்பி. நெரிசல் நேரத்துல சரக்கு வண்டியைப் போலீஸ் விடாது. யஷ்வந்த்பூர் மொத்தச் சந்தை யார்டுலேர்ந்து டெம்போ வந்து நிக்கவே 11 ஆயிடும். மூட்டையை எண்ணி, கிழிஞ்சதைத் திருப்பிவிட்டு, சீட்டுல கையெழுத்துப் போட நான் நிக்கணும். அப்படி நின்ன ஒரு சனிக்கிழமைதான் எங்க தெருவை ஒன்வே ஆக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. இப்போ டெம்போ தெருமுனையிலேயே நின்னுடுது. அங்கேர்ந்து கடைக்குத் தூக்க மூட்டைக்கு இவ்வளவுன்னு தனிக் கூலி. அதை யார் குடுப்பா?

ஸ்ரீராமபுரம்:
நீங்க ரெண்டு பேரும் கிழமையைப் பிடிச்சுத் தொங்குறீங்க. ஆரம்பிச்சப்போ அந்தக் கமிட்டியில உறுப்பினர் பத்து பேர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 2, பெண்களுக்கு 3, குடியிருப்போர் சங்கத்துக்கு 2. அந்தச் சங்கமும் மூணு வருஷமாவது பழசா இருக்கணும்னு விதி இருந்துச்சு. வியாபாரிக்குன்னு ஒரு நாற்காலி கூட வைக்கலை. 2020 செப்டம்பரோட பதவிக்காலம் முடிஞ்சு கவுன்சிலருங்களும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அதிகாரிங்ககிட்டதான் கெஞ்சுறோம். இதைப் பேசுங்க.

அல்சூர் பஜார்:
நாற்காலியை அப்புறம் பேசலாம் சார். இருந்தாலும் சனிக்கிழமை காலியாத்தானே கிடக்கும்? 2014 சட்டத்துல தெரு வியாபாரக் கமிட்டியில தள்ளுவண்டிக்காரங்களுக்கே 40 சதவீதம் இடம் குடுத்தாங்க. வாடகை, லைசென்ஸ், வரின்னு கட்டுற எங்களுக்கு?

பூக்கடை சிவாஜிநகர்:
"தள்ளுவண்டிக்காரங்களுக்கே"ன்னா என்ன அர்த்தம்? கடை வாசல்ல கூடையை வெச்சா உங்க ஆளுங்கதானே தண்ணி ஊத்தி விரட்டுறாங்க? எங்களுக்கு லீவு நாளே கிடையாது. சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாளும் நாங்க அழலை.

அல்சூர் பஜார்:
நான் யார் மேலயும் தண்ணி ஊத்தினதில்லை. பேச்சை மாத்தாதீங்க.

ஜீவன்பீமாநகர்வாசி:
மனசு இருந்தா நேரம் வரும். 2016 அக்டோபர்ல ஸ்டீல் ஃப்ளைஓவர் வேண்டாம்னு ரோட்டோரம் கைகோத்து நின்னோம். 2017 மார்ச்சுல அரசாங்கமே கைவிட்டுச்சு. அதை நாங்க சாதிச்சோம். அன்னைக்கு எத்தனை கடைக்காரங்க வந்தீங்க?

அல்சூர் பஜார்:
நான் வந்தேன்! என் தம்பியும் வந்தான்! ஏன்னா அது ஞாயித்துக்கிழமை, அக்டோபர் 16. காலண்டரை எடுத்துப் பாருங்க. அதைத்தானே முதல்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன்?

சென்னைக்காரன்:
தமிழ்நாட்டுல 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னைக்கே ஏரியா சபைன்னு மக்கள் கூட்டம் நடத்திட்டாங்க. நீங்க இன்னும் கிழமைக்கே சண்டை போடுறீங்க.

அல்சூர் பஜார்:
அது செவ்வாய்க்கிழமை சார். பாத்துக்கோங்க, அவங்க சனிக்கிழமை வைக்கலை!

மர்ஃபி டவுன்:
சென்னைப் பெருமையை அங்க வெச்சுக்கோங்க. முதல் மழைக்கு உங்க தெருவுல தண்ணி வடியுதான்னு பாருங்க.

சென்னைக்காரன்:
பெல்லந்தூர் ஏரியில நுரை பறந்த ஊர்லேர்ந்து இதைக் கேக்கணும்னு எனக்குத் தலையெழுத்து.

ஸ்ரீராமபுரம்:
ஏரியை விடுங்கப்பா. 2025 செப்டம்பர் 2ஆம் தேதியிலேர்ந்து பெங்களூர் அஞ்சு மாநகராட்சியா பிரிஞ்சிருக்கு. புது வார்டு, புதுக் கமிட்டின்னு எல்லாம் முதல்லேர்ந்து வரப்போகுது. வியாபாரிகளுக்கு ரெண்டு இடம் கேட்டு எல்லாரும் சேர்ந்து மனு குடுப்போம். நான் எழுதுறேன், கையெழுத்துப் போடுவீங்களா?

ஜீவன்பீமாநகர்வாசி:
வியாபாரிக்கு இடம் குடுத்தா நடைபாதை முழுக்க மூட்டைதான் நிக்கும். நான் போட மாட்டேன்.

அல்சூர் பஜார்:
உங்க அபார்ட்மெண்ட் கார் என் கடை வாசலை அடைச்சு நிக்குதே, அது நடைபாதை இல்லையா? ஸ்ரீராமபுரம் சார், மனுவுல முதல் வரி சனிக்கிழமை வேண்டாம்னு இருக்கணும். அப்பத்தான் என் கையெழுத்து.

ஸ்ரீராமபுரம்:
முதல் வரியில அதைப் போட முடியாது. மூணாவது வரியில போடுறேன்.

அல்சூர் பஜார்:
முதல் வரி.