டோக்கியோ நிஷி-கசாய் தமிழ்க் குடும்பங்கள்: குரோவை யார் பாத்துக்கறது?

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில மாமியார் தவறிட்டாங்க. இன்னிக்கு ராத்திரி நரிதா ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பறோம். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுதான் வர முடியும். எங்க ஷிபா இன நாய் குரோவை யாராவது பாத்துக்கணும் 🙏

கோபி: ஆழ்ந்த இரங்கல் அக்கா

ரேவதி: 🙏🙏 அம்மா ஆத்மா சாந்தியடையட்டும்

முரளி: பெட் ஹோட்டல்ல விட்டா?

செல்வி: போன தடவை புது இடம்னு ஒரு நாள் முழுக்க ஒண்ணுக்கே போகல முரளி. வீட்டுலயே இருக்கட்டும்.

உமா: முரளி, ஷிபாவுக்கு அது பெரிய பிரச்சினை. இருக்கற இடத்துல அசுத்தம் பண்ண நிறைய ஷிபாவுக்கு மனசே வராது, புயல் மழையிலயும் வெளியதான். இப்ப வெயில் காலம், அதனால காலைல 6 மணிக்குள்ள, சாயங்காலம் 7க்கு மேல, ரெண்டு வேளையும் 30 நிமிஷமாவது நடக்கணும். தார் ரோட்டுல புறங்கையை 5 நொடி வச்சுப் பாருங்க, சுட்டா கூட்டிட்டுப் போகாதீங்க. மழையில நனைஞ்சா விரலிடுக்கு, வயிறு, தொடை இடுக்கு ஈரம் போகத் துடைக்கணும். இந்த இனத்துக்குத் தோல் ஒவ்வாமை அதிகம், ஈரம் நின்னா நக்கி நக்கிப் புண்ணாக்கிடும்.

கோபி: காலை நான் போறேன். அரகாவா ஆத்தங்கரை வரைக்கும்

ரேவதி: சாப்பாடு?

செல்வி: உலர் தீனி 70 கிராம் காலை, 70 கிராம் ராத்திரி. தராசு மேடையிலயே இருக்கு.

முரளி: மிச்சம் இருக்கற சாம்பார் சாதம் கொஞ்சம் போட்டா என்ன

உமா: வேண்டவே வேண்டாம்! வெங்காயம், பூண்டு வேகவச்சாலும் நஞ்சுதான், சிவப்பணு உடைஞ்சு மூத்திரம் செம்பழுப்பா வரும். ஷிபா, அகிதா மாதிரி ஜப்பான் நாய் இனங்கள்ல சிலதுக்குப் பிறவியிலேயே சிவப்பணுவுல பொட்டாசியம் கூட, அதுங்களை வெங்காயம் இன்னும் மோசமா தாக்கும். அந்த வகை நாய்க்கு ரத்தம் எடுத்து சிவப்பணுவை உடனே பிரிக்காம வச்சா, உடம்புல பொட்டாசியம் ஏறிட்ட மாதிரி பொய்யா காட்டும். டாக்டர்கிட்ட போனா இதைச் சொல்லிடுங்க. பாயசத்துத் திராட்சையும் கூடாது.

கோபி: செல்வி அக்கா, வரும்போது இட்லி அரிசி ஒரு 5 கிலோ…

ரேவதி: துக்க வீட்டுக்குப் போறவங்ககிட்ட கேக்கற கேள்வியா கோபி? தீபாவளி ஹால் வாடகைல உன் பங்கே இன்னும் வரல.

கோபி: அது அடுத்த மாசம் அண்ணி

உமா: கோபி, இதைக் கவனி. குரோவோட கழுத்து தலைக்குச் சமமா தடிமன். பின்னாடி நகர்ந்தா காலர் உருவிடும். காலர்ல ஒரு கயிறு, ஹார்னஸ்ல (நெஞ்சுப் பட்டை) ஒரு கயிறு, ரெண்டும் கைல இருக்கணும். நடுவழில உக்காந்துட்டா முன்னாலேர்ந்து இழுக்காதே, அப்பதான் கழலும். பக்கத்துல போய் நின்னு வேற திசைல நட. மலைக்காட்டுல பறவை, முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், தானே முடிவெடுத்துப் பழக்கம். கயிறு கைநழுவிட்டா கூப்பிட்டாலும் வராது.

முரளி: ஓடிட்டா?

உமா: பக்கத்துக் கோபான்லயும் (சின்ன போலீஸ் சாவடி), டோக்கியோ விலங்கு நல ஆலோசனை மையத்துலயும் உடனே சொல்லணும். வார்டு ஆபீஸ் தந்த பதிவு வில்லையும், வெறிநாய் ஊசி வில்லையும் காலர்ல இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. மாட்டியிருக்கணும்கறது சட்டம்.

ரேவதி: எங்க பசங்க வந்து கொஞ்சலாமா அக்கா?

உமா: கொஞ்சலாம், ஆனா அது கிட்ட வந்தா மட்டும். பாதம், வாலைத் தொடக்கூடாது. திடீர்னு அசையாம நின்னு, கண்ணுல வெள்ளை தெரிஞ்சு, உதட்டை நக்கினா கையை எடுத்துடணும், அடுத்தது கடிதான். தின்னும்போது பசங்க பக்கத்துலயே வேண்டாம். நகம் வெட்ட யாரும் முயற்சி பண்ணாதீங்க, அலறுற அலறல்ல போலீஸ் வந்துரும்.

செல்வி: உமா அக்கா ரொம்ப நன்றி. ஜூலை 1 ஃபைலேரியா (இதயப்புழு) மாத்திரை, ஃப்ரிட்ஜ் மேல டப்பால.

உமா: தவறவிடாதீங்க. முந்தின மாசம் கொசு ஏத்தின புழுக்குஞ்சைத்தான் அது கொல்லும். நாள் தள்ளினா புழு வளர்ந்து இதயம் வரை போயிடும்.

முரளி: சாயங்காலம் யாரு? எனக்கு ஆபீஸ் 8 வரைக்கும்

ரேவதி: செவ்வாய், வியாழன் நான். மத்த நாள் தெரியல

கோபி: ராத்திரி துணைக்கு யாராவது படுக்கணுமா?

செல்வி: படுத்தா நல்லது. டாக்ஸி வந்துருச்சு, சாவி ரேவதிகிட்ட தரேன்.

ரேவதி: நான் இப்ப கடைல இருக்கேன்! தபால் பெட்டில போட்ருங்க

உமா: தபால் பெட்டி வேண்டாம். முரளி, நீ கீழ இறங்கி வாங்கிக்கோ.